காற்று கிடைத்தது, பெட்ரோல் எங்கே?

ஊதுகுழலை எடுத்து ஊதினால் அடுப்பு நன்றாக எரியும். ஆனால் அடுப்பில் விறகு இருக்க வேண்டும். விறகு இல்லாமல் ஊதினால் சாம்பல் தான் முகத்தில் அடிக்கும். டர்போ கார்களின் கதையும் இதே தான். எல்லோரும் ஊதுகுழலைப் பற்றியே பேசுகிறார்கள். விறகைப் பற்றி, அதாவது பெட்ரோலை இன்ஜினுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் பம்ப், குழாய், கார்புரேட்டர், இன்ஜெக்டர் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் டர்போ சரித்திரத்தில் ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், இன்ஜினை உருக்கிக் கொண்டவர்கள் என்று எடுத்துப் பார்த்தால், பலருடைய தலையெழுத்தை எழுதியது இந்த விறகு தான்!

முதலில் டர்போ என்றால் என்ன என்று சுருக்கமாக. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை சும்மா சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. அந்தப் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுற்ற வைத்து, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறியால் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவது தான் டர்போ. சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் ப்யூஹி 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1918-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், ஒரு விமான இன்ஜினை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டு போய், காற்று மெலிந்த இடத்திலும் டர்போ இருந்தால் சக்தி குறையாது என்று நிரூபித்தார். அப்புறம் விமானம், கப்பல், லாரி என்று சுற்றிவிட்டு, விற்பனைக்கு வரும் காருக்குள் டர்போ நுழைய 1962 ஆகிவிட்டது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ காற்றை ஒன்றரை மடங்காக்கினால் பெட்ரோலும் ஒன்றரை மடங்கு வேண்டும். வரவு கூடினால் செலவும் கூடும், அவ்வளவு தான். நடைமுறையில் இன்னும் தாராளமாகவே ஊற்றுவார்கள். டர்போ முழு மூச்சில் ஓடும்போது 11.5 அல்லது 12 கிலோ காற்றுக்கே 1 கிலோ பெட்ரோல். அந்த உபரிப் பெட்ரோல் எரிவதற்காக இல்லை, ஆவியாகிச் சூட்டைத் தணிப்பதற்காக.

இந்தப் பெட்ரோல் குறைந்தால்? ஸ்பார்க் பிளக் பற்ற வைத்த தீ வந்து சேரும் முன்பே, சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் நாக்கிங் என்கிறார்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போல. அழுத்தம் அதிகமுள்ள டர்போ இன்ஜினில் இது சில நொடிகள் நீடித்தாலே அலுமினிய பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்துவிடலாம். டர்போ வாங்கிய காசை விட இன்ஜினைத் திரும்பக் கட்டும் காசு அதிகம்!

சரி, 1962-க்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் இரண்டு பிராண்டுகள் அந்த வருடம் டர்போ கார் விட்டன. ஒன்று செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர், இன்னொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். ஸ்பைடர் கொஞ்சம் அடக்கமான கார். இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதத்தை 8-ஆகக் குறைத்து, நாக்கிங் பயமில்லாமல் 150 குதிரைசக்தி எடுத்துக் கொண்டார்கள்.

ஓல்ட்ஸ்மொபைல் ஆட்களுக்கு ஆசை அதிகம். 215 கன அங்குல (அதாவது 3.5 லிட்டர்) வி8 இன்ஜினிலிருந்து 215 குதிரைசக்தி, கன அங்குலத்துக்கு ஒரு குதிரை, என்று விளம்பரம் செய்ய வேண்டும். அதற்காகக் கம்ப்ரஷனை 10.25-லேயே வைத்துக்கொண்டு அதன் மேல் டர்போவையும் மாட்டினார்கள். சாதாரண பெட்ரோல் இதற்குத் தாங்காது. என்ன செய்வது? தனியாக ஒரு தொட்டி வைத்து, அதில் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர், பாதி மெத்தனால் கலந்து நிரப்பினார்கள். டர்போ ஊதும்போதெல்லாம் இந்தக் கலவை இன்ஜினுக்குள் போய்ச் சூட்டைத் தணிக்கும். இதற்கு வைத்த பெயர்: டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்! பெயர் வைப்பதில் அமெரிக்கர்களை அடித்துக்கொள்ள முடியாது. :-)

ஐடியாவில் தப்பே இல்லை. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்கள் இதே தண்ணீர்-மெத்தனால் வித்தையைத்தான் பயன்படுத்தின. ஆனால் போர் விமானத்துக்கு ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் நிரப்பிச் சரிபார்க்க மெக்கானிக் உண்டு. ஜெட்ஃபயரை ஓட்டியதோ ஆபீஸ் போய் வரும் சாதாரண ஆட்கள். பெட்ரோல் போடவே சோம்பல், இதில் இன்னொரு தொட்டியை யார் பார்ப்பது? தொட்டி காலியானால் இன்ஜின் பாழாகாமல் இருக்க, ஒரு வால்வு மூடிக்கொண்டு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாதுகாப்பு தான். ஆனால் ஓட்டுபவருக்கு "காசு கொடுத்து வாங்கிய கார் இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்று தான் தெரியும். இரண்டே வருடம். சுமார் 9,600 கார்கள் விற்றதும் கதை முடிந்தது. 1965-ல் கம்பெனியே, வேண்டுமென்பவர்களுக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண நான்கு பேரல் கார்புரேட்டர் மாட்டித் தந்தது. உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று, டர்போவைக் கழற்றுவது தான் பரிகாரம் என்ற நிலைக்கு வந்தது பரிதாபம்.

ஜெட்ஃபயர் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. அந்தக் காலத்தில் பெட்ரோலை அளந்து கொடுக்க இருந்த ஒரே சாதாரணக் கருவி கார்புரேட்டர். டர்போவுக்கும் கார்புரேட்டருக்கும் ஜாதகம் பொருந்தாது. கார்புரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தால் பெட்ரோல் கலந்த காற்று நீளமான வழியெல்லாம் சுற்றி வர வேண்டும். குழாய்ச் சுவரில் பெட்ரோல் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். பின்னால் வைத்தாலோ அமுக்கப்பட்ட காற்று கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோலையே திருப்பித் தள்ளப் பார்க்கும். அதைவிட அதிக அழுத்தத்தில் பெட்ரோல் வர பம்பை மாற்ற வேண்டும், உள்ளே மிதக்கும் ஃப்ளோட் நசுங்காமல் பார்க்க வேண்டும். 1980-ல் வந்த லோட்டஸ் எஸ்ப்ரிட் டர்போவும் 1981-ல் வந்த மசெராட்டி பைடர்போவும் இந்த இரண்டாவது வழியில் தான் வந்தன. பைடர்போ பிறகு இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது.

ஜெர்மனிக்காரர்கள் முன்பே கார்புரேட்டரை விட்டுவிட்டார்கள். 1973-ல் ஃப்ராங்க்பர்ட் கண்காட்சியில் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவில் இருந்தது குகல்ஃபிஷர் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன். 2 லிட்டர் இன்ஜினில் 170 குதிரைசக்தி. முன்பக்க ஸ்பாய்லரில் டர்போ என்ற வார்த்தையைக் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரித் திருப்பி எழுதியிருந்தார்கள், முன்னால் போகிறவர் வழிவிட வேண்டுமாம்! ஆனால் அதே வருடம் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோலுக்கு உலகமே கியூவில் நிற்கும்போது இந்தக் காரை யார் வாங்குவார்கள்? 1,672 கார்களோடு தயாரிப்பு நின்றது. ஒரு கார் உள்ளே பெட்ரோலைச் சரியாக அளந்தும் வெளியே பெட்ரோலால் செத்தது!

போர்ஷே கம்பெனி பாடம் கற்றுக்கொண்டது அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத்தில். 1972-ல் 917/10 காரை ஓட்டிப் பார்த்த மார்க் டானஹ்யூ, இன்ஜின் ஸ்விட்ச் மாதிரி இருக்கிறது, ஒன்று ஒன்றுமே இல்லை இல்லாவிட்டால் எல்லாம் ஒரேயடியாக வருகிறது என்று குறைப்பட்டார். வலிமை போதவில்லை என்பது புகார் இல்லை. பாதி மிதித்தால் பாதி சக்தி வர வேண்டும், அதற்கு இன்ஜெக்ஷன் பம்ப் குறைந்த வேகத்திலும் சரியாக அளந்து ஊற்ற வேண்டும். அதைச் சரி செய்த பிறகு யாராலும் கிட்டே வர முடியவில்லை. 1973-ல் 5.4 லிட்டர், 1,100 குதிரைசக்தி 917/30 பந்தயங்களைத் துடைத்து எடுத்தது. அதற்கு அமைப்பாளர்கள் கண்டுபிடித்த கடிவாளம் என்ன தெரியுமா? 1974-ல் கேலனுக்குக் குறைந்தது 3 மைல் மைலேஜ் தர வேண்டும் என்று விதி போட்டார்கள். லிட்டருக்கு 1.3 கிலோமீட்டர்! அதையும் தர முடியாத கார் அது. டர்போவை அடக்க வேண்டுமென்றால் பெட்ரோலைப் பிடித்தால் போதும் என்று பந்தய உலகம் புரிந்துகொண்டது அப்போது தான்.

இந்தப் புரிதல் ஃபார்முலா 1-க்கு வந்தபோது நாடகம் உச்சத்துக்குப் போனது. 1977-ல் ரெனோ 1.5 லிட்டர் டர்போவோடு வந்தபோது அடிக்கடி புகை விட்டு நின்றதால் "மஞ்சள் டீ கெண்டி" என்று கிண்டல் செய்தார்கள். 1979-ல் டிஜோனில் அது ஜெயித்ததும் சிரிப்பு நின்றது. 1983-ல் நெல்சன் பிக்கே பிரபாம்-பிஎம்டபிள்யூ காரில் சாம்பியன் ஆனார். ரெனோவின் அலன் ப்ரோஸ்டை விட இரண்டே புள்ளிகள் அதிகம். அந்த வருடக் கடைசியில் பிஎம்டபிள்யூவுக்குக் கிடைத்த ரகசிய ஆயுதம் ஒரு புது இன்ஜின் பாகம் இல்லை, புது பெட்ரோல்! பிஏஎஸ்எஃப் ரசாயனக் கம்பெனியின் துணை நிறுவனமான வின்டர்ஷால் தயாரித்த, டொலுவீன் அதிகமுள்ள கலவை. ராக்கெட் எரிபொருள் என்று வதந்தி கூடக் கிளம்பியது. ஆக்டேன் வரம்பை மீறியதா என்ற சர்ச்சை வந்தும், ரெனோ முறையீடு செய்யவில்லை.

டொலுவீன் ஏன்? ஒன்று, அதில் லேசில் நாக்கிங் வராது. இன்னொன்று வெறும் வியாபாரக் கணக்கு. 1984 முதல் பந்தயத்தின் நடுவே பெட்ரோல் போடத் தடை, ஒரு காருக்கு மொத்தம் 220 லிட்டர் தான் என்று விதி வந்தது. விதி லிட்டரில் அளக்கிறது. சாதாரண பெட்ரோல் லிட்டருக்கு சுமார் 0.74 கிலோ, டொலுவீன் 0.87 கிலோ. கிலோவுக்குக் கிலோ டொலுவீனில் சக்தி கொஞ்சம் குறைவு தான், ஆனால் லிட்டருக்கு லிட்டர் சுமார் 10 சதவீதம் அதிகம். படியில் அளக்கிற கடைக்காரரிடம் குமித்து வாங்குகிற மாதிரி! சில அணிகள் பெட்ரோலை உறைய உறையக் குளிர வைத்தும் ஊற்றின. 40 டிகிரி குளிர்ந்தால் பெட்ரோல் ஏறக்குறைய 4 சதவீதம் சுருங்கும். அதே தொட்டியில் கூடுதலாக எட்டு, ஒன்பது லிட்டர் அடங்கும்.

அப்படியும் போதவில்லை. 1985 மே 5, இத்தாலியின் இமோலா. 60 சுற்றுப் பந்தயத்தில் ஆரம்பம் முதல் முன்னால் போய்க்கொண்டிருந்த இளம் அயர்டன் சென்னாவின் லோட்டஸ், நான்கு சுற்று கூட மிச்சமில்லாத நேரத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றது. அடுத்து ஃபெராரியின் ஸ்டெஃபான் யோஹான்சன் முதலிடம். இத்தாலியக் கூட்டம் ஆர்ப்பரித்த ஆரவாரம் அடங்கும் முன்பே அந்தக் காரும் தீர்ந்து நின்றது! ப்ரோஸ்ட் ஜெயித்தார் என்று பார்த்தால், அவர் காரை எடை போட்டபோது 2 கிலோ குறைந்தது. தகுதி நீக்கம். கடைசியில் கோப்பை எலியோ டி ஏஞ்சலிஸுக்கு. அவர் பந்தயத்தில் ஒரு சுற்றுக்கூட முன்னணியில் முடிக்காதவர். அடுத்த வருடம் வரம்பு 195 லிட்டராகக் குறைந்தது. 1986 ஜெர்மன் பந்தயத்தில் அதே ப்ரோஸ்ட், கொடி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கார் நின்றுவிட, இறங்கித் தள்ளினார். உலக சாம்பியன், ஆயிரம் குதிரை பூட்டிய காரைக் கையால் தள்ளுகிறார்!

இந்தத் தொல்லையைச் சமாளித்தது எலக்ட்ரானிக்ஸ். மெக்கானிக்கல் பம்ப் குத்துமதிப்பாக ஊற்றிய இடத்தில், கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்குப் பார்த்து ஊற்றியது. 1988-ல் வரம்பு வெறும் 150 லிட்டர், டர்போ அழுத்தமும் 2.5 பாராகக் குறைப்பு. டர்போ இல்லாத கார்களுக்கோ பெட்ரோல் வரம்பே கிடையாது. டர்போவைத் துரத்துவதற்கென்றே போட்ட விதி. ஹோண்டா இன்ஜினியர்கள் 84 சதவீதம் டொலுவீன், 16 சதவீதம் ஹெப்டேன் கலந்து 102 ஆக்டேன் வரம்புக்குள் சரியாக நிறுத்தினார்கள். டொலுவீன் சுலபத்தில் ஆவியாகாது. அதனால் இன்ஜெக்டருக்குப் போகும் முன் 80 டிகிரி வரை சூடாக்கினார்கள். நான்கு வருடம் முன்பு குளிர வைத்தார்கள், இப்போது சூடாக்குகிறார்கள்! 16 பந்தயங்களில் 15-ல் மெக்லாரன்-ஹோண்டா வென்றது. அடுத்த வருடம் டர்போவையே தடை செய்துவிட்டார்கள்.

அதே 1989-ல் ஜப்பானில் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32) வெளிவந்தது. டர்போவின் பெட்ரோல் பிரச்சினை தொழிற்சாலையிலிருந்து தெருமுனை ஒர்க்ஷாப்புக்கு வந்தது இந்த மாதிரி கார்களால் தான். 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கணக்கில் காட்டியது 280 குதிரைசக்தி. அந்த இன்ஜினின் இரும்பு பிளாக் அதைப் போல இரண்டு மடங்கு தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 இரண்டு வருடமும் அது வென்றது. பிறகென்ன, ஆளாளுக்கு டர்போ அழுத்தத்தைக் கூட்ட ஆரம்பித்தார்கள்.

கூட்டுவது சுலபம், ஒரு திருகாணியைத் திருகினால் போதும். பெட்ரோல்? ஆர்32-ன் ஒரு இன்ஜெக்டர் முழுக்கத் திறந்திருந்தால் நிமிடத்துக்கு சுமார் 440 சிசி ஊற்றும். 8,000 சுழற்சியில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முழு வேலைச் சுற்று 15 மில்லி நொடி தான். அதில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைத்தால் இன்ஜெக்டர் கட்டுப்பாட்டை இழக்கும். ஆறு இன்ஜெக்டர்களும் சேர்ந்து மணிக்கு 100 கிலோ பெட்ரோல். ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு 270 கிராம் என்று வைத்தால் சுமார் 370 குதிரைசக்தி. அதோடு சரி. அதற்கு மேல் காற்று எவ்வளவு வந்தாலும் ஜோடி சேர பெட்ரோல் கிடையாது.

ஆரம்பத்தில் குறுக்குவழிகள் தேடினார்கள். தனியாக ஒன்றிரண்டு இன்ஜெக்டரைக் காற்றுக் குழாயில் சொருகுவது ஒன்று. அதில் பக்கத்திலிருக்கும் சிலிண்டருக்கு விருந்து, தூரத்திலிருப்பதற்குப் பட்டினி. குழாயில் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டுவது இன்னொன்று. ஆனால் அழுத்தம் இரண்டு மடங்கானால் பெட்ரோல் 1.4 மடங்கு தான் ஆகும். இரண்டு மடங்கு பெட்ரோல் வேண்டுமென்றால் நான்கு மடங்கு அழுத்தம், 3 பார் இருந்த இடத்தில் 12 பார்! எந்தத் தொட்டி பம்ப் தாங்கும்? டர்போ அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்தி இன்ஜினைக் காப்பாற்றும் வசதி சில கார்களில் உண்டு. அதையும் ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டி கடைகளில் விற்றது. காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது என்பது இது தான்.

நேர்வழி செலவு அதிகம். 600 குதிரைசக்தி வேண்டுமா? மணிக்கு 162 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 220 லிட்டர் பெட்ரோல். ஒரு இன்ஜெக்டருக்கு 720 சிசி. பம்பும் 220 லிட்டருக்கு மேல் தர வேண்டும், அதுவும் டர்போ 1.5 பார் ஊதும்போது 3 பார் அழுத்தம் 4.5 ஆகிவிடும். அழுத்தம் ஏற ஏற பம்ப் தரும் அளவு குறையும். பெட்டி மேல் 255 லிட்டர் என்று அச்சடித்திருப்பது குறைந்த அழுத்தத்துக் கணக்கு. இதைப் படிக்காமல் ஏமாந்தவர்கள் நிறைய. பம்புக்குப் போகும் வயர் மெல்லியதாக இருந்தால் வோல்டேஜ் குறைந்து அதுவும் காலை வாரும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வேகமாக வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் ஒரு நொடி வெறும் காற்றை உறிஞ்சும். வளைவை விட்டு வெளியே வந்து முழுதாக மிதிக்கிற அந்த நொடியில் தான் பிஸ்டன் போகும். அதனால் தான் பந்தயக் கார்களில் எப்போதும் நிறைந்திருக்கும்படி ஒரு குட்டித் தொட்டியை நடுவில் வைக்கிறார்கள். கடைசியாக, பெரிய இன்ஜெக்டர் மாட்டினால் கம்ப்யூட்டருக்கும் புதுக் கணக்கு எழுத வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் பெட்ரோலில் மூழ்கி இருமும்.

டர்போ பானட்டைத் திறந்தால் பளபளவென்று தெரியும், நண்பர்களிடம் காட்டலாம். தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் பம்பை யாரிடம் காட்டுவது? செலவுக் கணக்கில் அது எப்போதும் கடைசியாக வந்ததற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை.

2014-ல் டர்போ மறுபடி ஃபார்முலா 1-க்கு வந்தது. இந்த முறை தொட்டியை மட்டும் அளக்கவில்லை, குழாயையே அளந்தார்கள். எந்த நொடியிலும் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பெட்ரோல் ஓடக்கூடாது. மார்ச் 16 மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்திலேயே, சொந்த நாட்டுக்காரர் டேனியல் ரிக்கியார்டோ ரெட்புல் காரில் இரண்டாவதாக வந்து மேடையில் கோப்பை வாங்கினார். சில மணி நேரத்தில் அதைப் பறித்துவிட்டார்கள், பெட்ரோல் வரம்பைத் தாண்டியதாக. அளக்கும் சென்சார் தப்பு என்று ரெட்புல் வாதாடியது, ஏப்ரலில் அப்பீலும் தள்ளுபடி.

மணிக்கு 100 கிலோ. பழைய ஆர்32-ன் ஆறு இன்ஜெக்டர்கள் மூச்சுத் திணறும் அதே அளவு. அதில் அந்த நிசான் எடுத்தது 370 குதிரைசக்தி. 1.6 லிட்டர் பந்தய இன்ஜின் மின்சார மோட்டார் உதவி இல்லாமலே எடுத்தது சுமார் 600.